மூன்று படி ஏற முடியாத ரசிகர்கள்

விக்ரோலியில் ஞாயிற்றுக்கிழமை மாலை. கன்னம்வார் நகரிலோ, டாகூர் நகரிலோ, ரயில் பாதைக்கு மேற்கே பார்க்சைட்டிலோ ஏதோ ஒரு தமிழ் விழா. பள்ளிக்கூட மண்டபம் ஒன்றை நாலு மணி நேரத்துக்கு வாடகைக்குப் பேசியிருக்கிறார்கள். வாசலில் செருப்புக் குவியல். உள்ளே ஒலிபெருக்கிக்காரர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார். சலங்கை கட்டிய சிறுமிகள் தாயார்களின் கையைப் பிடித்துக்கொண்டு மேடைப் பக்கம் ஓடுகிறார்கள். மல்லிகைப் பூ வாசமும் பில்டர் காபி மணமும் கலந்து வருகின்றன. பம்பாய் என்பதே மறந்து போகிறது.

அந்த மண்டபத்தின் வாசலில் மூன்று படிகள் இருக்கின்றன. யாரும் அவற்றைக் கவனிப்பதில்லை. கால் நன்றாக இருக்கிறவர்களுக்கு அவை கண்ணில் படுவதே இல்லை.

பக்கவாதம் வந்து சக்கர நாற்காலியில் அமர்ந்துவிட்ட ஒரு பெரியவரை நினைத்துப் பார்ப்போம். முழங்கால் தேய்ந்து ஊன்றுகோலுடன் நடக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பார்ப்போம். போலியோவால் கால் சூம்பிய ஒரு பெண்ணை நினைத்துப் பார்ப்போம். இவர்களுக்கு விழா அந்த முதல் படியிலேயே முடிந்துவிடுகிறது.

“அதற்கென்ன, நாங்கள் நாலு பேர் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் உட்கார வைத்து விடுகிறோம்” என்று இளைஞர்கள் முன்வருவார்கள். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் தூக்கப்படுகிறவரின் நிலை என்ன? கூட்டம் முழுவதும் திரும்பிப் பார்க்கும். சேலை ஒதுங்கும். கை நழுவினால் என்ன ஆகும் என்ற பயம் வேறு. முதல் முறை சம்மதித்தவர் அடுத்த முறை அழைக்கப் போனால், “உடம்பு சரியில்லை, நீங்கள் போய் வாருங்கள்” என்று சொல்லிவிடுவார். அதற்கும் அடுத்த முறை யாரும் அழைக்க மாட்டார்கள்.

இப்படித்தான் ஓசையில்லாமல் ஒரு ரசிகர் குறைந்து போகிறார்.

சங்கம் வளர்த்தவர்களே வெளியே!

மும்பைத் தமிழர்களுக்கு இது அடுத்த வீட்டுக் கதை அல்ல. மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர், விக்ரோலி, பாண்டுப், முலுண்ட் என்று தமிழர்கள் குடியேறிய இடங்களில் எல்லாம் சபாக்களும், மன்றங்களும், பஜனை மண்டலிகளும் தோன்றின. சயானில் உள்ள ஷண்முகானந்தா சபை 1952-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. 1990-ல் தீ விபத்தில் சேதமடைந்த அதன் அரங்கம் மீண்டும் எழுப்பப்பட்டு 1998-ல் திறக்கப்பட்டது. 2,763 பேர் அமரக்கூடிய அந்த அரங்கம் ரசிகர்களின் உழைப்பாலும் நன்கொடையாலும் நின்றது. சின்னச் சின்னப் பேட்டைகளில் உள்ள மன்றங்களுக்கும் இதே வரலாறுதான், அளவு மட்டும் சிறியது.

தொழிற்சாலை வேலை முடிந்து, சாப்பாட்டுத் தூக்கை வீட்டில் வைத்துவிட்டு, சந்தாப் புத்தகத்தோடு வீடு வீடாகப் படியேறியவர்கள்தான் இந்த மன்றங்களை வளர்த்தார்கள். அன்று நாலு மாடி ஏறி இறங்கிய கால்கள் இன்று தளர்ந்துவிட்டன. நாற்பது ஆண்டுகள் மன்றத்துக்கு உழைத்தவர் இன்று அதன் ஆண்டு விழாவைப் பேரனின் கைப்பேசியில் பார்க்கிறார் என்றால், அதை முதுமை என்று மட்டும் சொல்லித் தள்ளிவிட முடியுமா?

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர். மக்கள்தொகையில் 2.21 சதவீதம். மகாராஷ்டிரத்தில் மட்டும் 29 லட்சத்து 63 ஆயிரம் பேர். தமிழ்நாட்டில் 11 லட்சத்து 79 ஆயிரம் பேர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கோ இதைவிடப் பெரியது. உலகில் ஆறு பேரில் ஒருவருக்குக் குறிப்பிடத்தக்க அளவில் ஏதோ ஓர் உடற்குறை அல்லது மனக்குறை உண்டு என்று அது சொல்கிறது. மூப்பினால் வரும் செவி மந்தமும் பார்வைக் குறைவும் இந்தக் கணக்கைக் கூட்டிக்கொண்டே போகின்றன. முன்னூறு பேர் அமரும் ஒரு மண்டபத்தில் இவர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும், எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று விழாக் குழுவினர் ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ்க் கலைக்குப் புதிதல்ல

உடற்குறை உள்ளவர்களுக்கும் தமிழ்க் கலைக்கும் உள்ள உறவு பழமையானது. இரட்டைப் புலவர்களைப் பற்றிய கதை அனைவரும் அறிந்ததே. ஒருவருக்குக் கண் தெரியாது. மற்றவருக்குக் கால் இல்லை. கண்ணில்லாதவர் தோளில் காலில்லாதவர் ஏறிக்கொள்ள, ஒருவர் வழி சொல்ல, மற்றவர் நடக்க, இருவரும் ஊர் ஊராகச் சென்று பாடினார்கள் என்பது வழிவழி வந்த செய்தி. பழநியைச் சேர்ந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் அம்மையால் சிறு வயதிலேயே பார்வையை இழந்தவர். புல்லாங்குழலைக் கர்நாடக இசையில் தனிக் கச்சேரி வாத்தியமாக உயர்த்திய கும்பகோணம் சரப சாஸ்திரிகளும் பார்வையற்றவர்தாம். வயலின் மேதை எம். சந்திரசேகரன் 2005-ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி விருது பெற்றார். அவருக்கும் பார்வை இல்லை.

மும்பைத் தமிழர்களுக்கு இன்னும் நெருக்கமான பெயர் சுதா சந்திரன். இந்த நகரில் பிறந்து வளர்ந்த பரதநாட்டியக் கலைஞர். 1981 மே மாதம் திருச்சி அருகே நடந்த பேருந்து விபத்தை அடுத்து அவருடைய வலது கால் அகற்றப்பட்டது. ஜெய்ப்பூர் செயற்கைக் கால் பொருத்திக்கொண்டு, ஒவ்வொரு அடவாக மீண்டும் பழகி, 1984-ல் மேடை ஏறினார். அவருடைய வாழ்க்கையே ‘மயூரி’ என்ற பெயரில் தெலுங்குத் திரைப்படமாயிற்று. அதில் அவரே நடித்தார். பிறகு இந்தியிலும் அது ‘நாச்சே மயூரி’யாக வந்தது. தமிழ்நாட்டிலும் மும்பையிலும் அந்தப் படத்தைப் பார்த்துக் கண் கலங்காத குடும்பம் குறைவு.

அதே சுதா சந்திரன் 2021 அக்டோபரில் ஒரு வேண்டுகோளை வெளியிட்டார். விமானப் பயணம் போகும்போதெல்லாம் பாதுகாப்புச் சோதனையில் செயற்கைக் காலைக் கழற்றிக் காட்டச் சொல்கிறார்கள், அது மிகவும் வேதனை தருகிறது என்று பிரதமருக்கே முறையிட்டார். பாதுகாப்புப் படையினர் வருத்தம் தெரிவித்தார்கள்.

இதில் யோசிக்க ஒரு விஷயம் இருக்கிறது. காலை இழந்த பிறகு நாட்டியம் ஆடும் மன உறுதி அவரிடம் இருந்தது. நாடு கை தட்டியது. ஆனால் சாதாரணமாக ஒரு வாசலைக் கடந்து போவதற்கு அந்த மன உறுதி உதவவில்லை. வாசலில் நிற்கிறவர்களும், வாசலை அமைத்தவர்களும் மாற வேண்டியிருக்கிறது. மாற்றுத்திறனாளிகளை மேடையில் பார்த்து வியப்பது நமக்குப் பழகிவிட்டது. நம் பக்கத்து நாற்காலியில் அவர் வந்து உட்காருவதற்கு வழி செய்வதுதான் இன்னும் பழகவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

ஐக்கிய நாடுகள் சபை 2006-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் குறித்த உடன்படிக்கையை நிறைவேற்றியது. அதன் 30-வது பிரிவு, கலை, பொழுதுபோக்கு, விளையாட்டு ஆகியவற்றில் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கு கொள்ளும் உரிமையைப் பேசுகிறது. இந்தியா 2007-ல் அதை ஏற்றுக்கொண்டது.

அதன்படி வந்ததுதான் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய சட்டத்தில் 7 வகைக் குறைபாடுகளே கணக்கில் இருந்தன. இதில் 21 வகைகள். இந்தச் சட்டத்தின் 29-வது பிரிவு முழுக்க முழுக்கக் கலையும் பொழுதுபோக்கும் பற்றியது. மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கும் எழுத்தாளர்களுக்கும் உதவி, கலை அவர்களை எட்டும்படி செய்தல், கலைப் பாடத்திட்டங்களை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றி அமைத்தல், தொலைக்காட்சியில் சைகை மொழியும் எழுத்துவரிகளும் என்று அந்தப் பிரிவு வரிசையாகச் சொல்கிறது.

“அது சர்க்கார் கட்டடங்களுக்குத்தானே?” என்று சிலர் கேட்கலாம். அப்படி இல்லை. பொதுக் கட்டடம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில், மக்கள் வந்து போகிற தனியார் கட்டடங்களும் அடங்கும். சமய, கலாசார, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகள் நடக்கும் இடங்கள் என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருக்கிறது. கோயில் மண்டபமும் சபா அரங்கமும் இதற்குள் வருகின்றன. இருக்கிற பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் மாற்றியமைக்க வேண்டும் என்று 45-வது பிரிவு கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. கெடு முடிந்ததே தவிர படிகள் பல இடங்களில் அப்படியே நிற்கின்றன.

2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றம் ரஜீவ் ரதூரி வழக்கில் முக்கியமான தீர்ப்பு ஒன்றை வழங்கியது. அணுகல் வசதி குறித்த தர அளவுகள் வெறும் ஆலோசனைகளாக இருந்தால் சட்டத்தின் நோக்கம் நிறைவேறாது, கட்டாயமாக நிறைவேற்ற வேண்டிய குறைந்தபட்ச அளவுகளை அரசு வகுக்க வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

அருங்காட்சியகத்தில் “தயவுசெய்து தொடவும்”

கலை நிறுவனங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்றபடி மாற்றி அமைக்க உதவுவதே ஒரு தனித் துறையாக வளர்ந்து வருகிறது. கட்டடக் கலை படித்தவர்களும், சிறப்புக் கல்வி ஆசிரியர்களும், எல்லாவற்றுக்கும் மேலாக மாற்றுத்திறனாளிகளும் இதில் ஈடுபட்டிருக்கிறார்கள். மும்பையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் சித்தாந்த் ஷா தொடங்கிய ‘ஆக்சஸ் ஃபார் ஆல்’ என்ற அமைப்பு அவற்றில் ஒன்று. ஓவியங்களையும் சிற்பங்களையும் விரலால் தடவி அறியும் வண்ணம் மாதிரிகள் செய்து கொடுப்பது, பிரெயில் கையேடுகள் தயாரிப்பது, அருங்காட்சியக ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பது ஆகியவை இதன் பணிகள்.

தில்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015 டிசம்பரில் ‘அனுபவ்’ என்ற கூடம் திறக்கப்பட்டது. அங்குள்ள அரிய பொருள்களின் நகல்கள் தொட்டுப் பார்ப்பதற்கென்றே வைக்கப்பட்டன. பக்கத்தில் பிரெயில் குறிப்பு. காதுக்கு ஒலி விளக்கம். “தொடாதே” என்ற பலகையையே பார்த்துப் பழகிய அருங்காட்சியகத்தில் இது பெரிய மாற்றம். பெங்களூரில் 2023-ல் திறக்கப்பட்ட கலை மற்றும் புகைப்பட அருங்காட்சியகம் தொடக்கத்திலிருந்தே இந்த எண்ணத்தோடு அமைக்கப்பட்டது. இத்தாலியின் அங்கோனா நகரில் உள்ள ‘ஒமேரோ’ அருங்காட்சியகத்திலோ புகழ்பெற்ற சிற்பங்களின் நகல்கள் அனைத்தையும் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

நாடகத்துக்கும் வழி கண்டுபிடித்தார்கள். 1981-ஆம் ஆண்டு அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் அரீனா ஸ்டேஜ் அரங்கத்தில், மேடையில் நடப்பதைப் பார்வையற்றவர்களின் காதில் மெல்லச் சொல்லும் ஏற்பாடு செய்யப்பட்டது. வசனம் வரும்போது விவரிப்பவர் பேச மாட்டார். இடைவெளியில் மட்டும், “அவள் கடிதத்தைக் கிழிக்கிறாள்”, “கதவருகே யாரோ நிற்கிறார்” என்று சுருக்கமாகச் சொல்வார். ஒலி விவரிப்பு என்ற இந்த முறை பிறகு உலகமெங்கும் பரவியது. இந்தியாவில் 2023 ஜனவரியில் தில்லி உயர் நீதிமன்றம் ‘பதான்’ படத்துக்கு, இணையத் திரையில் வெளியிடும்போது ஒலி விவரிப்பும் எழுத்துவரிகளும் சேர்க்கும்படி உத்தரவிட்டது. 2024 மார்ச்சில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் திரையரங்குகளுக்கான வழிமுறைகளை வெளியிட்டது.

பரதநாட்டியத்துக்கு இது பொருந்துமா? நிச்சயம் பொருந்தும். நிகழ்ச்சிக்கு அரை மணி முன்னதாகப் பார்வையற்ற ரசிகர்களை மேடைக்கு அழைத்து, சலங்கையை, விசிறி மடிப்பை, நெற்றிச்சுட்டியைத் தொட்டுப் பார்க்கச் செய்யலாம். நாட்டியம் கற்ற ஒருவர், பதாகம், கத்தரிமுகம் போன்ற முத்திரைகளை அவர்களுடைய விரல்களிலேயே வைத்துக் காட்டலாம். பிறகு பாட்டு தொடங்கும்போது, “கண்ணன் வெண்ணெய்ப் பானையை எட்டுகிறான், எட்டவில்லை, உரலை இழுக்கிறான்” என்று காதில் சொன்னால் போதும். மீதியை ஜதியும் பாட்டும் சொல்லிவிடும். ஆங்கிலம் அறிந்த ரசிகர்களுக்காகப் பாடலுக்கு முன் கதைச் சுருக்கம் சொல்லும் பழக்கம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதையே இன்னும் கொஞ்சம் நீட்டினால் ஆயிற்று.

விரல் நுனியில் தமிழ்

மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் ஒரு கவலை எப்போதும் உண்டு. பிள்ளை தமிழ் பேசுகிறது. ஆனால் எழுதப் படிக்கத் தெரியவில்லை. பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம். தமிழ் எழுத்தைக் கற்க நேரம் இல்லை.

இதில் பார்வையற்ற பிள்ளைக்கு ஒரு வசதி இருக்கிறது என்றால் ஆச்சரியமாக இருக்கும். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெயில் முறை 1951-ல் உருவாயிற்று. ஒரே ஒலிக்கு எல்லா மொழியிலும் ஏறக்குறைய ஒரே புள்ளிகள் என்பது அதன் அடிப்படை. மராத்தியில் ‘க’வுக்கு எந்தப் புள்ளிகளோ தமிழ்க் ‘க’வுக்கும் அவையே. ஆகவே மும்பைப் பள்ளியில் மராத்தி பிரெயில் கற்ற தமிழ்க் குழந்தை, ழ, ற, ன போன்ற சில எழுத்துகளையும் எ, ஒ என்ற குறில்களையும் மட்டும் புதிதாகப் பழகினால் தமிழ் நூல்களை விரலால் படிக்கத் தொடங்கிவிடலாம். கண் பார்வை உள்ள அண்ணன் படிக்க முடியாத தமிழைத் தங்கை படித்துச் சொல்லலாம்.

படிக்கப் புத்தகம் உண்டா? உண்டு. சென்னையில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனம் திருக்குறள் உள்ளிட்ட செவ்வியல் நூல்களைப் பிரெயிலில் கொண்டு வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் காசித் தமிழ்ச் சங்கமத்தில் இத்தகைய பிரெயில் நூல்கள் வெளியிடப்பட்டன. பரிசளிப்பு விழாக்களில் எவர்சில்வர் டம்ளர் கொடுக்கும் மன்றங்கள், ஒரு பிரெயில் திருக்குறளை வரவழைத்துத் தங்கள் நூலக அலமாரியில் வைத்தால் அந்தப் பகுதியில் எத்தனையோ பேருக்குப் பயன்படும்.

காது கேளாதவர்களின் நிலை வேறு. இந்திய சைகை மொழி பேச்சு மொழியைச் சார்ந்தது அல்ல. அதற்கென்று தனி இலக்கணம் உண்டு. இடத்துக்கு இடம் சில சைகைகள் மாறினாலும் மாநில எல்லைகளைத் தாண்டி வழங்குவது. 2015-ல் அமைக்கப்பட்ட இந்திய சைகை மொழி ஆராய்ச்சிப் பயிற்சி மையம் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை 2021-ல் நிறைவு செய்தது. மும்பை பாந்திராவில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983 முதல் செவித்திறன் குறைந்தோருக்காக இயங்கி வருகிறது. தமிழும் சைகை மொழியும் அறிந்த ஒருவர் மேடை ஓரத்தில் நின்று பட்டிமன்றத்தைச் சைகையில் சொன்னால், வீட்டில் எல்லோரும் சிரிக்கும்போது காரணம் தெரியாமல் உட்கார்ந்திருந்த குழந்தையும் சேர்ந்து சிரிக்கும்.

சின்ன மன்றம் என்ன செய்யலாம்?

பெரிய சபாக்களிடம் பணம் இருக்கும், விக்ரோலியில் உள்ள சின்ன மன்றம் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானதே. மண்டபம் வாடகை, கையில் இருப்பதோ சந்தாப் பணம். ஆனால் செய்யக்கூடியவற்றில் பாதிக்குச் செலவே இல்லை.

முதலில் சாய்தளம். இதில் ஒரு கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அரை அடி உயரமுள்ள மூன்று படிகள் என்றால் மொத்த உயரம் ஒன்றரை அடி. சாய்தளத்தின் நீளம் 18 அடி. இந்தக் கணக்குத் தெரியாமல் இரண்டு பலகையை நிமிர்த்தி வைத்தால் நாற்காலி பின்னால் சரிந்து விபத்தாகிவிடும். பந்தல்காரர் மேடை அமைக்கக் கொண்டு வரும் பலகைகளையும் கட்டைகளையும் கொண்டே, கைப்பிடியோடு, வழுக்காத விரிப்போடு தற்காலிகச் சாய்தளம் அமைக்க முடியும். இடம் போதாவிட்டால் பக்கத்து வாசலில் படி குறைவாக இருக்கிறதா என்று பார்க்கலாம். விழா மண்டபத்தைப் பேசும்போதே, “படி எத்தனை, கதவு மூன்று அடி அகலம் இருக்கிறதா, கழிப்பறை தரைத் தளத்தில் இருக்கிறதா” என்று கேட்பது நல்லது. இரண்டு மூன்று மன்றங்கள் இப்படிக் கேட்டுவிட்டு வேறு இடம் பார்த்தால், மண்டபத்தாரே சாய்தளம் கட்டிவிடுவார்கள்.

அடுத்தது உட்காரும் இடம். வரிசை ஓரத்தில் இரண்டு நாற்காலிகளை எடுத்துவிட்டால் ஒரு சக்கர நாற்காலி நிற்கும். அதைக் கடைசி வரிசையில் செய்யாமல் நடுவிலோ முன்னாலோ செய்ய வேண்டும். கூட வந்தவருக்குப் பக்கத்திலேயே இடம் தர வேண்டும்.

காது மந்தமானவர்களுக்கு முன் வரிசை. பேசுகிறவரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்கள் உண்டு. “எனக்கு மைக் வேண்டாம், குரல் கேட்கும்” என்று சொல்லும் பேச்சாளர்களிடம் மைக்கைக் கையில் கொடுத்துவிட வேண்டும். நிகழ்ச்சி நிரலில் சில பிரதிகளைப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குத் திடீர் ஒலியும் கண்ணைப் பறிக்கும் விளக்கும் தாங்காது. 2011-ல் நியூயார்க்கில் ‘லயன் கிங்’ இசை நாடகத்தை இந்தக் குழந்தைகளுக்காக ஒலியையும் ஒளியையும் தணித்து ஒரு நாள் தனியே நடத்தினார்கள். எழுந்து நடக்கலாம், சத்தம் போடலாம், யாரும் முறைத்துப் பார்க்க மாட்டார்கள். நம் விழாவில் அமைதியான ஓர் அறையை ஒதுக்கி வைத்தாலே அந்தத் தாய் இரண்டு மணி நேரம் நிம்மதியாக இருப்பாள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தொண்டர்களின் பழக்கம். உதவி வேண்டுமா என்று கேட்ட பிறகே உதவ வேண்டும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல் தன் முழங்கையைப் பிடித்துக்கொள்ளச் செய்ய வேண்டும். சக்கர நாற்காலியில் இருப்பவரிடமே பேச வேண்டும்; “இவர் காபி குடிப்பாரா?” என்று கூட வந்தவரிடம் கேட்கக் கூடாது. அழைப்பிதழில், “சாய்தளம் உண்டு, தேவைகளை முன்கூட்டித் தெரிவிக்கவும்” என்று ஒரு வரி சேர்த்தால், வரலாமா வேண்டாமா என்று தயங்குகிறவர்கள் துணிந்து கிளம்புவார்கள்.

இவற்றை எல்லாம் முடிவு செய்யும்போது விழாக் குழுவில் ஒரு மாற்றுத்திறனாளியும் இருக்க வேண்டும். செருப்பு எங்கே கடிக்கிறது என்பது போட்டவருக்குத்தானே தெரியும்!

வீட்டிலிருந்து மண்டபம் வரை

மண்டபம் சரியானாலும் வழி சரியாக வேண்டும். பார்க்சைட்டின் குன்றுச் சரிவில் சந்துகள் குறுகலானவை. மழைக் காலத்தில் கால் உள்ளவர்களுக்கே அங்கு இறங்குவது கஷ்டம். ரயிலில் போவதென்றால் மேம்பாலப் படிகள், பிறகு நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையே உள்ள பள்ளம். விக்ரோலிக்கு அடுத்த நிலையமான காட்கோபரில் 2014 ஜனவரியில் அந்தப் பள்ளத்தில் நேர்ந்த கொடிய விபத்தை மும்பை மறக்கவில்லை. அதற்குப் பிறகே நடைமேடைகளை உயர்த்தும் வேலை வேகம் பிடித்தது. வண்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனிப் பெட்டி இருக்கிறது. ஆனால் பெட்டி வரை போய்ச் சேர வேண்டுமே! ஆகவே, ஆட்டோ வைத்திருக்கும் அன்பர்கள் இரண்டு பேர் விழா நாளன்று முறை போட்டுக்கொண்டு முதியவர்களை அழைத்து வருவது மன்றம் செய்யக்கூடிய நல்ல ஏற்பாடு.

இன்னொன்றும் இந்தப் பகுதித் தமிழர்கள் கவனிக்க வேண்டியது. கன்னம்வார் நகரில் லிஃப்ட் இல்லாத பழைய வீட்டு வசதி வாரியக் கட்டடங்கள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு உயரமான புதிய கட்டடங்கள் எழுந்துகொண்டிருக்கின்றன. புதிய வளாகங்களில் பொதுக் கூடங்களும் வரும். நாளைய பொங்கல் விழாவும் நவராத்திரிக் கொலுவும் அந்தக் கூடங்களில்தான் நடக்கப் போகின்றன. வரைபடம் காகிதத்தில் இருக்கும்போது சாய்தளம் ஒரு கோடுதான். கட்டி முடித்த பிறகு உடைப்பதென்றால் செலவும் சண்டையும். அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டடத் திட்டத்துக்கு அனுமதி தரக் கூடாது என்று 44-வது பிரிவே சொல்கிறது. சொசைட்டிக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும்.

டிசம்பர் 3 உலக மாற்றுத்திறனாளிகள் தினம். அதற்கு ஏறக்குறைய ஒன்றரை மாதம் கழித்துப் பொங்கல் வருகிறது. விழாக் குழுக்கள் மண்டபம் பேசவும், ஒலிபெருக்கிக்குச் சொல்லவும், அழைப்பிதழ் அச்சிடவும் கூடும் காலம் அது. அந்த முதல் கூட்டத்திலேயே சாய்தளத்தையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டால், வீட்டில் உட்கார்ந்து பேரனின் கைப்பேசியில் விழாவைப் பார்க்கும் அந்தப் பழைய செயலாளரிடம் போய், “ஐயா, வண்டி அனுப்புகிறோம், இந்த வருஷம் நீங்கள்தான் குத்துவிளக்கு ஏற்ற வேண்டும்” என்று சொல்ல முடியும்.

அவரும் இந்த முறை உடம்பு சரியில்லை என்று சொல்ல மாட்டார்.